உப்புக் காற்றில் பழைய சொகுசுக் கார்: ராமநாதபுரம் கரையோரக்காரர்களுக்குச் செலவு, காகித, துரு வழிகாட்டி

புது மாருதி ஒன்றின் விலையில் பாதி இருந்தால் போதும், பத்துப் பதினைந்து வருடம் ஓடிய பி.எம்.டபிள்யூவோ பென்ஸோ ஆடியோ வாசலில் வந்து நின்றுவிடும். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி, மண்டபம் எங்கும் இப்படி வந்த கார்கள் நிற்கின்றன. வளைகுடாவிலிருந்து திரும்பியவர் ஆசைப்பட்டு வாங்கியது ஒன்று, மாமா சென்னையில் ஓட்டிவிட்டுக் கொடுத்தது ஒன்று. பாதிக்கு மேல் உறை போட்டு மூடியே கிடக்கின்றன. ஏன் கிடக்கின்றன என்பதுதான் இந்தக் கட்டுரை.

என்னிடம் இருப்பது 2009 மாடல் பி.எம்.டபிள்யூ 320டி. இந்த மாதிரி வண்டியை நம் கரையில் ஓடவைக்க என்னென்ன வேண்டும் என்று முழுதாகச் சொல்ல ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு துண்டு, பட்டறையில் ஒரு துண்டு, இன்சூரன்ஸ் ஏஜெண்டிடம் ஒரு துண்டு என்று அலைந்து பொறுக்கியதை இங்கே வரிசையாக வைக்கிறேன். தொகைகள் 2025 வாக்கில் நான் கொடுத்தவை, விசாரித்தவை. அரசுக் கட்டணம் தவிர மற்றவை முன்னே பின்னே இருக்கும்.

1. வாங்கும் விலையை மறந்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்

இறங்கியிருப்பது வண்டியின் விலை மட்டும்தான். 40 லட்சம் ரூபாய் காரை 4 லட்சத்துக்கு வாங்கினாலும், சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் அதன் லோயர் ஆர்ம் 40 லட்சம் ரூபாய் காரின் லோயர் ஆர்ம்தான். அதனால் 4 லட்சம் இருக்கிறது என்றால் இரண்டரை லட்சத்துக்குள் வண்டி தேடுங்கள், மிச்சத்தைக் கையில் வையுங்கள். முதல் ஆறு மாதத்திலேயே அது கரையும்.

என் அனுபவத்தில் ஒரு சாதாரண வருடம் இப்படிப் போகும்: ஆயில், ஃபில்டர்கள் 8,000 ரூபாய்க்குப் பக்கம், பிரேக் பேட், சென்சர் ஒயர் சேர்த்து 10,000 முதல் 15,000, ஏ.சி. சம்பந்தமாக ஏதாவது ஒன்று, புஷ், ஆர்ம், மவுண்ட் என்று கீழ் வேலை 30,000, இன்சூரன்ஸ் தனி. டீசல் சேர்க்காமல் வருடம் ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம் வரை ஒதுக்க முடியாதென்றால் வாங்க வேண்டாம். இதற்கு மேல் ‘பெரிய வேலை’ என்று ஒன்று உண்டு. 320டியின் ‘என்47’ (N47) வகை டீசல் எஞ்சினில் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸைப் பார்த்த மாதிரி இருக்கிறது. செயின் ஓசை கேட்க ஆரம்பித்தால் கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்கித்தான் பார்க்க வேண்டும். தனியார் பட்டறையிலேயே ஒரு லட்சத்தைத் தாண்டும். காலையில் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது பின்னாலிருந்து கரகரவென்று உரசும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். விற்பவர் நீங்கள் போவதற்கு முன்பே வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

2. வாங்கும்போதே காகிதத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

விலை ரொம்ப மலிவாக இருந்தால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். டெல்லி வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசல் கார்களுக்குத் தடை வந்ததிலிருந்து அங்கிருந்து சொகுசுக் கார்கள் தெற்கே இறங்கிக்கொண்டே இருக்கின்றன. வரி குறைவு என்று புதுச்சேரியில் பதிவு செய்த கார்களும் நிறைய. இரண்டிலும் வாங்கும் விலையில் மிச்சமாவது வரியில் போய்விடும். வேறு மாநிலப் பதிவெண்ணோடு இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். பழைய மாநிலத்தில் கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது அந்த மாநிலத்து ஆர்.டி.ஓ.வோடு நீங்கள் தனியாக நடத்த வேண்டிய போராட்டம். படிவம் 28-ல் பழைய ஆர்.டி.ஓ. தரும் ஆட்சேபணையின்மைச் சான்று, அதாவது என்.ஓ.சி., கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். “வந்துடும் சார், ப்ராசஸ்ல இருக்கு” என்பது என்.ஓ.சி. ஆகாது.

ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கடன் கொடுத்த வங்கியின் பெயர் இன்னும் இருக்கிறதா? கடன் எப்போதோ அடைந்திருக்கும், ஆனால் படிவம் 35 கொடுத்துப் பெயரை நீக்கியிருக்க மாட்டார்கள். பத்து வருடத்தில் அந்த நிதி நிறுவனம் வேறொன்றோடு இணைந்திருந்தால், கடன் தீர்ந்த கடிதத்துக்காக நீங்கள்தான் சென்னைக்கும் மும்பைக்கும் மின்னஞ்சல் போட வேண்டும். விற்பவரையே நீக்கித் தரச் சொல்லுங்கள். இரண்டு, வண்டி இறக்குமதி என்று பதிவாகியிருக்கிறதா? இது ஏன் முக்கியம் என்பது அடுத்த பகுதியில்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இதே மாநிலமென்றால் விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். குடும்பத்தில் இறந்தவர் பெயரில் இருக்கும் வண்டி என்றால் படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம். வாரிசுச் சான்றுதான் நேரம் பிடிக்கும், அதைத் தாலுகா அலுவலகத்தில் முதலில் போட்டுவிடுங்கள். அண்ணன் தம்பிகள் துபாயிலும் மலேசியாவிலும் இருக்கிற வீடுகளில் சம்மதக் கடிதம் வாங்குவதற்குள் ஆர்.சி.யே முடிந்துவிடும். ஊருக்கு வரும்போது கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

3. 15 வருடம் முடியும் முன் ஆர்.சி. புதுப்பிப்பு

சொந்த உபயோகக் காரின் ஆர்.சி. 15 வருடத்துக்கு. அதற்குப் பிறகு எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டி ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கொள்ளலாம். முடியும் தேதிக்கு 60 நாள் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம். அந்த முதல் வாரத்திலேயே ஆரம்பியுங்கள்.

கட்டணம்: 15 வருடம் தாண்டிய காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதி கார் என்றால் 40,000. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி 20 வருடம் தாண்டினால் 10,000, இறக்குமதி என்றால் 80,000. தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் தண்டம். இதோடு பசுமை வரி, ஸ்மார்ட் கார்டு கட்டணம்.

வெளிநாட்டுப் பெயர் உள்ள கார் எல்லாம் இறக்குமதி அல்ல. பி.எம்.டபிள்யூ 2007 முதல் செங்கல்பட்டு பக்கம் மகிந்திரா சிட்டியில் பாகங்களைச் சேர்த்துக் கார்களை உருவாக்குகிறது; பென்ஸுக்குப் புனே, ஆடிக்கு அவுரங்காபாத் (இப்போது சத்ரபதி சம்பாஜிநகர்). இங்கே உருவான வண்டிக்கு இறக்குமதிக் கட்டணம் கிடையாது. முழுதாகக் கப்பலில் வந்த மாடல்களுக்குத்தான் அது. போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளம் தவறான தொகையைக் காட்டினால் பணம் கட்டாமல், முதல் விற்பனை ரசீதோடு அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். கட்டிய பிறகு திரும்ப வாங்குவது பெரும்பாடு.

வேலை நடக்கும் வரிசை இது. பரிவாகன் தளத்தில் ஆர்.சி.யோடு இணைந்த செல்பேசி எண் உங்களுடையதுதானா பாருங்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் போகும். பாக்கி இ-சலான் இருந்தால் கட்டுங்கள். இன்சூரன்சும் புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். பாரத் ஸ்டேஜ் என்னும் புகைத் தர வரிசையில் பி.எஸ். 4 முதலான வண்டிகளுக்குப் புகைச் சான்று 12 மாதம், அதற்கு முந்தியவற்றுக்கு 6 மாதம். 2009 வண்டிகளில் பி.எஸ். 3-ம் உண்டு, ஆர்.சி.யைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு படிவம் 25, கட்டணம், தேதி. ராமநாதபுரம் ஆர்.டி.ஓ.வுக்கு வண்டியோடு போகும்போது ஆர்.சி. அசல், இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஆதார், பான், பசுமை வரி ரசீது, சேசிஸ் எண்ணின் மேல் தாள் வைத்துத் தேய்த்தெடுத்த பென்சில் பிரிண்ட் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள்.

சேசிஸ் எண்ணில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. எண் பொறித்த இடத்தில் துரு ஏறியிருந்தால் பென்சில் பிரிண்டில் எழுத்து விழாது. எஃப்.சி.க்கு ஒரு மாதம் முன்பே பானட்டைத் திறந்து பாருங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், எண்ணையே சிதைத்தீர்கள் என்று ஆகிவிடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும்.

பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பவை: பிரேக், கை பிரேக், விளக்குகள், டயர், ஹாரன், கண்ணாடி. வெயில் தாங்காமல் ஒட்டிய கறுப்பு ஃபிலிமை முந்தின நாளே உரித்துவிடுங்கள், உச்சநீதிமன்றம் 2012-லேயே தடை செய்தது. துருவுக்காக வண்டியை வேறு நிறத்தில் அடித்திருந்தால் ஆர்.சி.யில் நிறம் மாற்றியிருக்க வேண்டும்.

புரோக்கர் வேண்டுமா? வாரிசுப் பெயர் மாற்றம், வெளிமாநில மறுபதிவு என்றால் யோசிக்கலாம். வெறும் புதுப்பிப்புக்குத் தேவையே இல்லை.

4. இன்சூரன்ஸ்

1500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் வருடம் 7,897 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து சுமார் 9,300. இது இல்லாமல் தெருவில் இறங்கவே கூடாது.

சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுப்பதா என்பதில்தான் யோசனை வேண்டும். ஐந்து வருடம் தாண்டிய காருக்கு ஐ.டி.வி., அதாவது வண்டிக்கு வைக்கும் காப்பீட்டு மதிப்பு, என்பது நீங்களும் கம்பெனியும் பேசி வைப்பது. ஏஜெண்ட் பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட அதை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுவார். அப்புறம் ஒரு பம்பரும் ஹெட்லைட்டும் போனாலே ‘டோட்டல் லாஸ்’ என்று வண்டியை எழுதிவிடுவார்கள். 10 வருடம் தாண்டிய வண்டியில் உலோகப் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். ரப்பர், பிளாஸ்டிக்குக்கு எந்த வயதிலும் பாதிதான். கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. துருவும் தேய்மானமும் எந்தப் பாலிசியிலும் வராது.

பாலிசி முடிந்து 90 நாளைத் தாண்டவிட்டால் இழப்பீடு கேட்காமல் இருந்ததற்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் போய்விடும். வெளிநாட்டில் இருப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

5. உப்பு

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோகத் தகடுகளைத் திறந்தவெளியில் வைத்து எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று சோதிக்கத் தேர்ந்த இடம் நம் மண்டபம். அந்த ஊர்க் காற்றில்தான் உங்கள் கார் நிற்கிறது.

முதலில் தண்ணீர். வண்டியைக் கழுவினால் உப்பு போகும் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்தத் தண்ணீரில்? கரையோரத்தில் பல வாட்டர் சர்வீஸ் கடைகளில் ஓடுவது போர் தண்ணீர். கடைப் பையனிடம் கேட்டேன். “போர் தண்ணிதாண்ணே, காவிரித் தண்ணியிலயா வண்டி கழுவ முடியும்?” என்றான். நியாயம்தான், குடிக்கவே குடம் கணக்கில் வாங்குகிறோம். கையில் கொஞ்சம் பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. அதைத்தான் அழுத்தத்தோடு வண்டியின் அடிவயிற்றில் ஒவ்வொரு இடுக்கிலும் அடித்துவிடுகிறார்கள். காய்ந்த பிறகு கறுப்பு பெயின்டில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அதே உப்பு கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் உட்கார்ந்திருக்கும்.

ஆகவே நாக்கில் வையுங்கள், அல்லது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை வாங்குங்கள். ராமேசுவரம் தீவில் மணல்மேட்டுக் கிணறுகளில் நல்ல தண்ணீர் உள்ள இடங்கள் உண்டு. அப்படி வாய்க்காதவர்கள் மதுரைக்குப் போகும்போது அங்கே அடிப்பாகம் கழுவிக்கொண்டு வாருங்கள். வீட்டில் மழைத் தண்ணீர் பிடித்து வைக்கும் தொட்டி இருந்தால் அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது.

அடுத்தது காலம். பாக் நீரிணைப் பக்கம், அதாவது தொண்டி, தேவிபட்டினம், தீவின் வடகரை, வாடைக் காற்றில்தான் அதிகம் நனையும்: அக்டோபர் முதல் ஜனவரி வரை. மன்னார் வளைகுடாப் பக்கம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், கச்சான் காற்றில்: மே முதல் செப்டம்பர் வரை. உங்கள் கரைக்கு எந்தக் காற்றோ அது தொடங்குவதற்கு முந்தைய மாதத்தில் அடிப்பாகத்துக்கு மெழுகு அல்லது எண்ணெய் வகைத் துருத் தடுப்பு அடியுங்கள். கறுப்பாக, ரப்பர் மாதிரி ஒட்டுகிற கோட்டிங்கைத் துருவின் மேலேயே அடித்துவிடுவார்கள். உள்ளே ஈரத்தைப் பூட்டி வைத்த மாதிரி, மேலே பளபளப்பு, கீழே தகடு அப்பளம். துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்த பிறகுதான் எந்தக் கோட்டிங்கும்.

கரையோரத்தில் முதலில் சாவது ஏ.சி. கண்டன்சர். முன் பம்பருக்குப் பின்னால் நிற்கும் அலுமினியச் சல்லடை அது. டார்ச் அடித்துப் பாருங்கள். என் வண்டியில் கழற்றிய பழைய கண்டன்சரின் இதழ்களை விரலால் தொட்டதும் திருநீறு போலக் கொட்டியது. கேஸ் நிரப்புகிறவர் வருடா வருடம் நிரப்பிக்கொண்டே இருப்பார், ஓட்டையை யாரும் தேட மாட்டார்கள். ஒரே வருடத்தில் இரண்டாம் முறை கேஸ் இறங்கினால் கண்டன்சரை மாற்றுங்கள்: நல்ல மாற்றுத் தயாரிப்பு 10,000 முதல் 15,000. நிறுத்தும்போது வண்டியின் மூக்கு கடலைப் பார்க்க வேண்டாம்.

கை பிரேக் இன்னொன்று. இந்த பி.எம்.டபிள்யூவில் அது பின் டிஸ்குக்குள்ளே இருக்கும் சின்ன டிரம். இழுத்துவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போனால் துருவில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் நிறுத்தும்போது கியரைப் பார்க்கிங்கில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். எஃப்.சி.யில் கை பிரேக் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பப்படும் பழைய கார்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

காரணமே தெரியாமல் டேஷ்போர்டில் விளக்குகள் எரிந்தால் கம்ப்யூட்டரை மாற்றச் சொல்லும் ஆளிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். முதலில் பாடியோடு எர்த் ஒயர் சேரும் போல்ட்டுகளைக் கழற்றி, சுத்தம் செய்து, வாசலின் தடவி மாட்டச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய் வேலை.

உறை போட்டு மூடுவதும் உப்பு ஊரில் கெடுதல்தான். மணல் உள்ளே நுழைந்து பெயின்டைத் தேய்க்கும், ஈரம் வெளியேறாது. அதைவிடக் கீற்றுக் கொட்டகையே மேல். தனுஷ்கோடிக்கு அப்பால் கடல் நடுவே நீளும் அரிச்சல்முனைக்குக் கூட்டிப் போகச் சொல்லும் விருந்தாளிகளுக்கு என் பதில், ஜீப்போ ஆட்டோவோ பிடித்துத் தருகிறேன் என்பது.

6. பட்டறையும் உதிரிப்பாகமும்

ராமநாதபுரத்திலிருந்து மதுரை 110 கிலோமீட்டருக்கு மேல். கம்பெனி சர்வீஸ் வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். எல்லா வேலைக்கும் போனால் கட்டுப்படியாகாது. பிரித்துக்கொள்ளுங்கள்: ஆயில், பேட், ஏ.சி., எர்த் வேலை உள்ளூரில். கியர்பாக்ஸ், இன்ஜெக்டர், செயின் ஆகியவை மதுரை அல்லது கோயம்புத்தூரில் இந்த வண்டியையே பார்க்கும் தனியார் பட்டறையில்.

கம்பெனி பெட்டியில் வரும் பாகத்தைச் செய்வது பெரும்பாலும் வேறு கம்பெனி. லெம்ஃபோர்டர், சாக்ஸ், மான், மாலே, பாஷ், ஹெல்லா என்ற பெயர்களில் அதே தரம் குறைந்த விலைக்குக் கிடைக்கும். சேசிஸ் எண்ணின் கடைசி ஏழு இலக்கத்தைக் கொடுத்துச் சரியான பாக எண்ணை எடுத்த பிறகே ஆர்டர் போடுங்கள். பழைய பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி, ஹெட்லைட், சீட் வாங்கலாம். பிரேக், சஸ்பென்ஷன், ரப்பர் எதையும் அங்கே வாங்காதீர்கள்.

“கியர் ஆயில் ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்” என்பார்கள். இந்த ஆறு கியர் பெட்டியைச் செய்த இசட்.எஃப். கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் ஆயில் பேனோடு சேர்ந்தே வரும், அதையும் மாற்ற வேண்டும். 25,000 முதல் 35,000 ஆகும். பெட்டியே போனால் வரும் செலவுக்கு இது ஒன்றுமில்லை.

பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு: இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாய்கள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், நம் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மாதக்கணக்கில் டேங்கில் பாதி பெட்ரோலோடு நிறுத்தாதீர்கள். எரிபொருள் குழாய்களை எஃப்.சி. சமயத்தில் மாற்றிவிடுங்கள்.

7. டயர், பேட்டரி

இந்த பி.எம்.டபிள்யூக்கள், காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்ஃபிளாட் டயரோடு வந்தவை; டிக்கியில் ஸ்டெப்னி கிடையாது. ரன்ஃபிளாட் ஒன்று 15,000-க்கு மேல். 16 அங்குல வீல் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்கினால் 205/55 அளவு சாதாரண டியூப்லெஸ் எந்தப் பெரிய கடையிலும் 7,000, 8,000-க்குக் கிடைக்கும். மிச்சக் காசில் ஒரு ஸ்டெப்னி, ஜாக்கி, காற்றடிக்கும் சின்ன பம்பு. பஞ்சர் கடை இரவில் திறந்திருக்காத கிழக்குக் கடற்கரைச் சாலையில் இதுதான் துணை.

பேட்டரி ஏ.ஜி.எம். வகை, 15,000 முதல் 20,000. மாற்றியதும் ஸ்கேனர் போட்டு வண்டியின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் செய்து புதியதைச் சீக்கிரம் கெடுக்கும். கடைக்காரருக்கு இது தெரிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள்.

8. வழியில் நின்றுவிட்டால்

கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். என் 320டி பின் சக்கரம் ஓட்டும் ஆட்டோமேட்டிக் வண்டி. சக்கரம் தரையில் உருண்டால் கியர்பாக்ஸ் போகும். முழுதாக ஏற்றிப் போகும் ரெக்கவரி வண்டிதான் வேண்டும். இன்சூரன்ஸோடு வரும் சாலையோர உதவியில் இழுத்துப்போகும் தூரத்துக்கு உச்சவரம்பு போட்டிருப்பார்கள். ராமேசுவரத்திலிருந்து மதுரை 170 கிலோமீட்டர் பக்கம். வரம்பு அதில் பாதிகூட இருக்காது. பாலிசி எடுக்கும்போதே அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். பரமக்குடி, மானாமதுரை வழியில் ரெக்கவரி வண்டி வைத்திருப்பவர்களின் எண்ணை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். இரவில் பேரம் பேச முடியாது.

9. எப்போது கொடுத்துவிடுவது

அடித்தகட்டில், ஜாக்கி வைக்கும் இடத்தில், ஸ்குரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகிறது என்றால் அதற்கு மேல் செலவு செய்யாதீர்கள். எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. பெரிய வேலைக்கான மதிப்பீடு வண்டியின் இன்றைய சந்தை விலையில் பாதியைத் தொட்டாலும் அப்படியே. அடுத்த ஆர்.சி. புதுப்பிப்புக்கு ஒரு வருடம் இருக்கும்போது விற்றால் ஓரளவு விலை வரும். மூன்று மாதம் இருக்கும்போது இரும்புக் கடைக்காரர் மட்டுமே வருவார்.

யாருக்குக் கொடுத்தாலும் படிவம் 29-ஐ நீங்களே ஆர்.டி.ஓ.வில் கொடுத்து ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்குபவரின் ஆதார் நகலும், நாளும் நேரமும் எழுதிய டெலிவரி ரசீதும் உங்கள் ஃபைலில் இருக்கட்டும். பரிவாகனில் பெயர் மாறிவிட்டதா என்று ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். மாறவில்லை என்றால் அந்த வண்டியின் சலான் எல்லாம் உங்கள் செல்பேசிக்குத்தான் வரும்.